சிமிட்டி வாசலில் ஒரு பதிகம்

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கட்சி மாறியது ஒரு நாய். யாருக்கும் உரிமைப்படாத செவலை நாய். எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் பெரியப்பா வீட்டு வாசலில் நின்ற புங்கமரத்தின் நிழலில்தான் அது பகற்பொழுதைக் கழித்தது. பெரியப்பா அந்த மரத்தை வெட்டி, வாசலைத் தெருவிளிம்பு வரைக்கும் சிமிட்டியால் பூசிய கோடையில், ஒரு நாள் அது எழுந்து நின்று உடம்பை உதறியது. தெருவைக் குறுக்கே கடந்தது. எதிர்வீட்டுப் புங்கமரத்தடியில் போய்ச் சுருண்டுகொண்டது. அதன்பின் திரும்பி வரவில்லை. அடுத்து வளையற்காரர் போனார். எங்கள் வாசலில் பெட்டியை இறக்கிக் கடைபரப்பும் வழக்கத்தையே மறந்தவர்போல எதிர்ப்புறத்துக்கு நடந்தார். பிறகு கோலமாவு விற்கிறவள், சாணை பிடிக்கிறவர், தபால்காரர் என ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாகச் சுவாமியும் போனார்.

நாய் போனதை யாரும் பொருட்படுத்தவில்லை. சுவாமி போனதுதான் பேச்சாகிவிட்டது.

புதுக்கோட்டை அப்போது சமஸ்தானமும் இல்லை, தனி மாவட்டமும் இல்லை; திருச்சி ஜில்லாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் அப்பா வெளியூர் உத்தியோகத்தில் இருந்தமையால் நான் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். பெரியப்பாவுக்குக் கடைவீதியில் இரும்புக்கடை. இறைவன் திருவருளையும் இரும்பின் விலையேற்றத்தையும் நம்பி அவர் ஒரு மாடிவீடு கட்டினார். முகப்பின் உச்சியில் சுதையால் ஆன இரண்டு சிங்கங்கள்; அவற்றுக்கு நடுவே தாமரையில் திருமகள். வாசலில் நின்ற புங்கமரம் அம்மூவரையும் ஒருங்கே மறைத்தது. போதாக்குறைக்கு ஆண்டுதோறும் வேனிலில் பொரியைக் கொட்டியதுபோல் பூவைக் கொட்டியது. ஆகவே மரம் போயிற்று, சிங்கங்கள் தெரிந்தன. அதே ஆண்டில் நகரசபையார் எங்கள் செம்மண் சரளைத் தெருவுக்குத் தார் போட்டார்கள். தெரு, பெரியப்பாவின் சொற்படி, 'பட்டணம் மாதிரி' ஆயிற்று.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் வாசலில் இரண்டு புங்கமரங்கள், அவற்றின் அடியில் ஒரு பசு, பசுவின் கழுநீர்த் தொட்டி வழிந்து எந்நேரமும் ஈரம் காயாத மண். அம்மரங்களை அவர் காத்துவந்ததற்கு அறிவோ அன்போ காரணமல்ல. வெட்டுவதற்கு ஆள் பிடிக்க வேண்டுமே என்ற சோம்பல்தான் காரணம்.

செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்த எங்களுக்குத் தெருவின் நிலநூல் முழுவதும் உள்ளங்காலில் எழுதியிருந்தது. குளக்கரைப் புல் பகலிலும் ஈரத்துணிபோல் இருக்கும். சரளை குத்தும், ஆனால் சுடாது. தாசில்தார் வீட்டு மரத்தடி மண் பானையின் அடிப்புறம் போன்றது. தார் சுடுவதோடு நில்லாமல் ஒட்டிக்கொண்டும் வரும். எல்லாவற்றுக்கும் மேலானது பெரியப்பாவின் சிமிட்டி. காலையில் வாங்கிய வெயிலை அது மாலையிலும் விடாமல் வைத்திருக்கும். விளக்கு வைத்த பிறகும் அதில் உட்கார முடியாது. அந்நேரங்களில் பெரியம்மா, "கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிட்டு வாரேன்" என்று தாசில்தார் வீட்டுக்குப் புறப்பட்டால், சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்புவார். கறிவேப்பிலையை அங்கேயே மறந்துவிட்டு வருவதும் உண்டு.

இனிச் சுவாமியின் செய்திக்கு வருகிறேன். தெருக்கோடியில் எங்கள் சிவன் கோயில். வைகாசி விசாகத்தன்று சுவாமி குளத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி முடித்துக்கொண்டு, உச்சிப்பொழுதில் பல்லக்கில் வீதிவழியாகத் திரும்புவார். பல்லக்கைத் தோளில் சுமப்பவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். வழியில் சுவாமியைக் கீழே இறக்குவது எங்கள் கோயிலில் வழக்கமில்லை. வீட்டுக்கு வீடு பல்லக்குச் சற்றே நிற்கும். வீட்டுக்குரியவர் தேங்காய் பழத் தட்டைக் கொடுப்பார். குருக்கள் கற்பூரம் காட்டித் திருநீறு கொடுப்பார்.

சிமிட்டியும் தாரும் வந்த ஆண்டு முதல் பல்லக்குத் தாசில்தார் வீட்டு மரநிழலில் ஆற அமர நின்றது. எங்கள் வாசலுக்கு வந்ததும் ஓட்டம் பிடித்தது. குருக்கள் ஓட்டமும் நடையுமாகக் கற்பூரம் காட்ட, பெரியப்பா தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே ஓட, அடுத்த வீட்டைக் கடந்த பிறகே தேங்காய் உடைபடும். திரும்பி வரும் பெரியப்பாவைத் தாசில்தார் மரத்தடியில் நாற்காலி போட்டு எதிர்பார்த்திருப்பார்.

"என்ன மொதலாளி, ஒங்க வீட்டுக்கிட்ட வந்தா மட்டும் சாமி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்கிற மாதிரி ஓடுறாரே. ஏதும் மனத்தாங்கலா?"

இதை ஒரு வேடிக்கையாகக் கொள்ளலாம். பெரியப்பாவுக்கு அது இயலவில்லை. அவருடைய மகளுக்கு, என் அக்காவுக்கு, கீரனூர் அரிசிமில்காரர் வீட்டில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை திருச்சியில் வங்கி உத்தியோகம். அக்கா தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்னவளல்லள். ஆயினும் தெருமுனையில் கீரனூர் பஸ் திரும்பும் ஓசை கேட்டால் அவள் கையிலுள்ள அரிவாள்மணை தானே நின்றுவிடும். எல்லாம் கூடிவந்த வேளையில் சம்பந்தியம்மாளின் காதுக்கு எங்கள் வாசற்செய்தி எட்டிவிட்டது. "சாமியே நிக்காத வாசல்ல நம்ம எப்பிடிப் போயி உக்காருறது?" என்று அந்த அம்மாள் கேட்டதாகத் தரகர் வந்து சொன்னார். கடைசியில் ஒரு முடிவு செய்துகொண்டார்கள். வரும் தீர்த்தவாரிக்குக் கணவனும் மனைவியுமாக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சுவாமி நின்றால் மேற்கொண்டு பேச்சு.

அக்கா அன்றிலிருந்து ஒருவேளைச் சோறுதான் உண்டாள்.

முந்தின ஆண்டே பெரியப்பா சில முயற்சிகள் செய்து பார்த்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினார்; மேளச்சத்தம் தெருவுக்குள் நுழையுமுன் வாசல் காய்ந்துவிட்டது. நனைத்த வைக்கோலைப் பரப்பினார். அதைத் தாசில்தார் வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, பல்லக்கு வருவதற்குள் பொறுமையாகத் தின்று தீர்த்தது. இந்த ஆண்டு சீர்பாதம் தாங்கிகளின் தலைவரையே வரவழைத்துப் பேசினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"மொதலாளி, சொமக்குறதுல எங்களுக்குச் சங்கட்டமே இல்லைங்க. நிக்கிறதுலதான். ஒங்க வாசல் தோசைக்கல்லு கணக்கா இருக்கு" என்றார் அவர்.

"சுண்ணாம்புக் காளவாயில போட்டப்பவும் குளுந்து இருந்த அடியார் கதை தெரியுமில்லப்பா?"

"தெரியுங்க. அவுக அடியாரு. நாங்க தூக்குறவுக."

தலைவரே இரங்கி, "ஒரு கீத்துப் பந்தலப் போட்டுருங்களேன். மண்ணு ரெண்டு வண்டி கொட்டுங்க. சாமி சாயங்காலம் வரைக்கும் நிக்கும்" என்றார்.

"பந்தல் போட்டா சிங்கம் தெரியுமாப்பா?"

தலைவர் அண்ணாந்து சிங்கங்களைப் பார்த்தார். சிங்கங்கள் அவரைப் பார்த்தன. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது, பெரியப்பா வேறெதையோ நினைத்தவர்போல ஒரு கேள்வி கேட்டார்.

"பல்லக்குக்கு முன்னால பதிகம் பாட ஆரம்பிச்சிட்டா, நடுவுல அடி எடுத்து வைப்பீகளா?"

"அதெப்பிடிங்க. பலன் சொல்ற பாட்டு முடியாம சாமி நகராதுல்ல."

பெரியப்பா புன்முறுவல் பூத்தார். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அதைக் கண்டோம்.

எங்கள் வீட்டில் திருமுறை ஓதுதல் பல் துலக்குவதைப் போன்ற நித்திய கடமை. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமுன்பே பதிகங்கள் பல மனப்பாடம். கோயிலில் மார்கழிதோறும் பாடி, சுண்டலும் பாராட்டும் பெற்று, என் குரலைக் குறித்து எனக்கே நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டிருந்த வயது அது. வீடுகளின் முன் ஓதுவார் ஒரு பாட்டோடு நிறுத்திக்கொள்வார். முழுப்பதிகம் என்றால் பத்துப் பாட்டு. அதன்மேல், பாடினோர் பெறும் பலனைச் சொல்லும் பாட்டு ஒன்று. அதைத்தான் நான் பாடவேண்டும் என்றார் பெரியப்பா.

"அவசரமே கூடாது ஆத்தா. எழுத்த முழுங்கக் கூடாது. நிறுத்தி நிதானமாப் பாடணும். சாமி தானா நிப்பாரு."

தம் சூழ்ச்சியை அவர் சூழ்ச்சியென்று கருதவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அன்போடு பாடினால் இறைவன் நிற்பான் என்பதை அவர் ஐயமின்றி நம்பினார். வழக்கம் அதற்கு ஒரு துணை, அவ்வளவே. பெரியம்மாவுக்கு இறைவனிடம் நம்பிக்கை உண்டு. சிமிட்டியிடமும் அதே அளவு நம்பிக்கை உண்டு. விசாகத்தன்று என் காதில், "நீ மணைப்பலகை மேல ஏறி நின்னுக்க ஆத்தா. கீழ எறங்கிராத" என்றார். நான் குட்டையாக இருப்பதால் எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்றே அந்த ஏற்பாடு என எடுத்துக்கொண்டேன்.

கீரனூர்க்காரர்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மில்காரர் பருத்த மேனியர். தவிட்டு வாசனையும் ஜவ்வாது வாசனையும் கலந்து வீசும். மிதியடி இல்லாமல் பல ஆண்டுகள் நடந்திராத பூப்போன்ற பாதங்கள் அவருக்கு. மேளம் நெருங்கியதும் பெரியப்பா அவரை அழைத்தார். சுவாமியின் முன் நிற்பதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். மேல்துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். மில்காரர் இரண்டையும் செய்துவிட்டு வாசலில் இறங்கினார். அவர் முகத்தில் ஒரு வியப்புத் தோன்றியதை நான் கவனித்தேன். பெண்கள் நிலைப்படிக்கு உள்ளே நிழலில் நின்றார்கள். ஊர்ஜனம் முழுவதும், சொல்லிவைத்தாற்போல, எதிர்ப்புற மரங்களின் அடியில் கூடியிருந்தது. தாசில்தாரின் நாற்காலி முதல் வரிசையில் இருந்தது.

பல்லக்கு வந்தது. வழக்கம்போல் எங்கள் வாசலருகே நடை ஓட்டமாக மாறும் தறுவாயில், பெரியம்மா என் மணைப்பலகையை நடுவாசலில் போட்டார். நான் ஏறி நின்று கண்ணை மூடிப் பதிகத்தைத் தொடங்கினேன்.

பல்லக்கு நின்றுவிட்டது.

முதற்பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தேன். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். சீர்பாதம் தாங்கிகளின் தலைவர் மட்டும் பெரியப்பாவை ஒருமாதிரி பார்த்தார். இரண்டாம் பாட்டில் முன்தண்டைச் சுமந்தவர்கள் வலக்காலைத் தூக்கி இடக்காலில் நின்றார்கள். மூன்றாவதில் இடக்காலைத் தூக்கி வலக்காலில் நின்றார்கள். பின்தண்டுக்காரர்கள் அதற்கு எதிர்மாறாகச் செய்தார்கள். அதனால் பல்லக்கு மெல்ல இடமும் வலமும் சாய்ந்தது. அதில் தொங்கிய மணிகள் ஒலித்தன. சுவாமியின் திருமுடியில் இருந்த பூச்சரம் அசைந்தது. என் பாட்டின் தாளத்துக்கு அது பொருந்தியும் வந்தது.

மரத்தடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏய், சாமி ஆடுறாருடா."

"ஆடவல்லாராச்சே. சின்னப்புள்ள பாட்டுக்கு எறங்கி ஆடுறாரு பாருங்க" என்றார் இன்னொருவர். கைகள் உச்சிக்கு ஏறின. தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நான் பூரித்துப்போனேன். இறைவனே ஆடும்போது ஓரடியை ஒருமுறை பாடுவது எப்படிப் போதும்? நான்காம் பாட்டு முதல் ஒவ்வோரடியையும் இருமுறை பாடினேன். ஆட்டம் மிகுந்தது. இன்னும் நிறுத்திப் பாடினேன். குருக்கள் கால்விரல் நுனியில் நின்றார். தவிற்காரர் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓர் அடி போட்டார். அடிக்காகத் துள்ளினாரா, துள்ளியதற்காக அடித்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. சிமிட்டியைத் தாண்டித் தாரில் நின்றிருந்த குடைக்காரர், ஒரு காலைப் பிடுங்கி எடுத்து அடுத்ததை ஊன்றி, மயில்போல நடம் புரிந்தார்.

எல்லாரையும் விஞ்சியவர் மில்காரர். கூப்பிய கையோடு முதலில் அவர் தயங்கித் தயங்கிக் கால்மாற்றினார். ஆறாம் பாட்டில் இடையறாது ஆடினார். அந்தப் பருத்த மேனி அவ்வளவு இலகுவாக ஆடும் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கண்களிலிருந்து நீர் ஒழுகிற்று. "சிவ சிவா, சிவ சிவா" என்று வாய்விட்டுச் சொன்னார். உள்ளே நின்ற அவர் மனைவி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இவுக கண்ணுல தண்ணி வந்து நான் பாத்ததே இல்லைங்க ஆச்சி. கோயிலுக்கு வாங்கன்னா மில்லுல வேலை இருக்குன்னுட்டுப் போயிருவாக" என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "எங்க வாசல் அப்பிடிங்க" என்றார்.

பலன் சொல்லும் பாட்டையும் இருமுறை பாடி முடித்தேன். பெரியப்பா தட்டைக் குருக்களிடம் கொடுத்துத் திருநீறு பெற்றுக்கொண்டு, மில்காரரின் பக்கம் திரும்பித் தாம் நெடுநாளாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சைத் தொடங்கினார்.

"சாமி சாட்சியாக் கேக்குறேன். நம்ம ரெண்டு குடும்பமும் கலக்குறதுல..."

"சம்மதங்க."

"இல்ல, மொறைப்படி நான் கேட்டு..."

"கேட்ட வரைக்கும் போதுங்க. சம்மதம். எல்லாத்துக்கும் சம்மதம். உள்ள போயிருவோம்."

சொல்லிக்கொண்டே அவர் நிலைப்படியை ஒரே தாவலில் கடந்தார். பெண்ணுக்கு என்ன செய்வீர்கள், நகை எவ்வளவு என்றெல்லாம் கேட்க அவர் ஒரு நீண்ட கணக்கோடு வந்திருந்தாராம். தரகர் பிற்காலத்தில் சொன்னார். இறைவன் முன்னிலையில் எல்லாத்துக்கும் சம்மதம் என்று சொன்ன பிறகு எதைக் கேட்பது? வீட்டுக்குள் அக்கா சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே சுவாமி அதற்குள் கோயிலை அடைந்திருந்தார்.

பிற்பகலில் சீர்பாதம் தாங்கிகள் வழக்கப்படி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கொல்லையில் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே, பாத்திக்குள் காலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். சோற்றைவிட நீர்மோரையே அதிகம் கேட்டார்கள். பெரியம்மா குடத்தோடு கொண்டுவந்து வைத்தார். பாராட்டை எதிர்பார்த்து நான் அங்கே போய் நின்றேன்.

தலைவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் பாடுன ஆத்தா. ஆனா ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தரம் பாடுனியே, அது எந்த ஊரு வழக்கம்?"

"உருக்கமா இருக்கணும்னுதான் பாடுனேன்."

"உருகிருச்சு ஆத்தா. தாரே உருகிருச்சு."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மோரைக் குடித்தார்கள். கல்லும் கசிந்துருகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேன். தாரும் உருகும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்தச் செய்தியைப் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லவும் தீர்மானித்தேன்.

ஆயினும் என் மகிழ்ச்சியில் ஒரு குறை இருந்தது. அன்று அந்த வாசலில் ஆடாமல் நின்றவர் ஒருவர் உண்டு. அவர் பெரியப்பா. கண்ணைத் திறந்த போதெல்லாம் பார்த்தேன். எந்த நிழலுக்கும் எட்டாத இடத்தில், வெறுங்காலோடு, மார்பில் கைகூப்பிக் கண்மூடி, முதற்பாட்டிலிருந்து முடிவுவரை நட்டுவைத்த தூணாக நின்றார். விரல்கூட அசையவில்லை. தலைவர் ஆடினார், குருக்கள் ஆடினார், முன்பின் அறியாத கீரனூர்க்காரர் கண்ணீர் விட்டு ஆடினார். யாருக்காக நான் நாள்தோறும் பாடிப் பழகினேனோ, அவர் மட்டும் மரம்போல் நின்றது எனக்குப் பெருந்துயரமாக இருந்தது.

விளக்கு வைத்த பிறகு அவர் சாப்பிட எழுந்து வரவில்லை. கட்டிலில் படுத்து, கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். பெரியம்மா சோற்றுக்கற்றாழையைக் கீறி அவருடைய உள்ளங்கால்களில் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு பாதங்களிலும் தோல் கொப்பளமாக எழும்பியிருந்தது. காலையில் குளத்துக்கு நடந்துபோனதால் வந்ததென்று நினைத்தேன்.

"இம்புட்டும் பொத்துப்போற வரைக்கும் சுடுறது தெரியலையா ஒங்களுக்கு?" என்று பெரியம்மா கேட்டார்.

"எது?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா கற்றாழையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா கதவோரம் நின்ற என்னைக் கண்டுவிட்டார்.

"இங்கிட்டு வா ஆத்தா. அந்த ஏழாம் பாட்ட இன்னொரு தரம் பாடு" என்றார்.

நான் போகவில்லை. சுவாமியையே ஆட வைத்த என் பாட்டு இவரிடம் ஒரு சிறிதும் உறைக்கவில்லையே, இனி என்ன பாடி என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வீட்டில் பக்தியில்லாதவர் பெரியப்பா ஒருவர்தான் என்ற முடிவோடு அன்று தூங்கப் போனேன்.